நன்றாகத் தூங்கினோம், நன்றி

அத்தியாயம் 7

கொலைகாரன் என்று நாங்கள் சந்தேகப்பட்ட மனிதர் வெட்டிக் கொடுத்த ஆப்பிள் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதற்குக் கை நீட்டியபோதுதான் விஷம் என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் வந்தது. நீட்டிய கையை என்ன செய்வது? கேக் தட்டை நோக்கிப் போன கையைக் காரணம் சொல்லாமல் பின்னுக்கு இழுக்கிற வழக்கம் எங்கள் இங்கிலாந்து ஜனத்துக்கு இல்லை. அதற்குச் சாவதே மேல் என்று எடுத்துக்கொண்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்த என் முதலாளி ஹெக்டர் பிளைத் தன் துண்டைத் தொடவே இல்லை. "இனிப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றார். அவருக்கு டாக்டரே கிடையாது. அன்று காலையில்தான் விடுதியில் ரொட்டியின் தலையில் அரை பாட்டில் ஜாமைக் கவிழ்த்தார். ஆபத்தான பண்டங்களை ருசி பார்ப்பது உதவியாளரின் வேலை என்று என்னைச் சேர்க்கும்போது அவர் சொல்லவில்லை.

"உங்க அண்ணன் பொண்ணு நல்லாச் சாப்பிடுறாங்க" என்று எட்வின் சாலிஸ் சிரித்தார்.

"சித்தப்பா பங்கையும் நானே பாத்துக்கிறேன்" என்றேன். நெதர் ஆஷ் கிராமத்தைப் பொறுத்தவரை நாங்கள் இலையுதிர்கால விடுமுறைக்கு வந்த சித்தப்பாவும் மகளும். நடக்கிறோம், காற்று வாங்குகிறோம், வானிலை பற்றிப் பேசுகிறோம். உண்மையில் நாங்கள் வந்தது, மூலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எட்வினின் மனைவி ஐரீனுக்காக.

மூன்று நாளைக்கு முன்னால் பர்மிங்காமில் எங்கள் துப்பறியும் ஆபீசுக்கு ஐரீனின் அக்கா வந்தார். ஈனிட் லார்க்கம், பள்ளிக்கூட ஆசிரியை. மேஜையில் மூன்று கடிதங்களை வரிசையாக வைத்தார். மூன்றும் இந்த விடுமுறைக்கு எடுத்த நெதர் ஆஷ் வாடகை வீட்டிலிருந்து தங்கை எழுதியவை. முதல் கடிதத்தில் வரிகள் நேராக இருந்தன. இரண்டாவதில் சரிந்தன. மூன்றாவதில் ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டிருந்தது. 'ரொம்பச் சோம்பேறி ஆகிவிட்டேன் அக்கா. பத்து மணி வரை தூக்கம். லேசாகத் தலைவலி. ஆப்பிள் மது சைடரை நான்தான் அளவு தெரியாமல் குடித்திருப்பேன். எட்வின் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்.'

"என் தங்கச்சி அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிறவ" என்றார் ஈனிட். "ஒரு கிளாஸ் சைடரை ஒரு சாயங்காலம் முழுக்க வச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பா. கல்யாணமாகி எட்டு மாசம்தான் ஆகுது. அப்பா விட்டுப்போன வீடும் தோட்டமும் அவ பேர்ல இருக்கு. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த ஆளுக்கு. நான் நேர்ல போனா அவர் சிரிச்சு மழுப்புவார், இவளும் ஒண்ணுமில்லைன்னு சொல்லுவா. நீங்க போங்க."

எங்களிடமும் ஐரீன் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள். அதுவும் கேட்காமலே. "மன்னிக்கணும், விருந்தாளிங்க வந்திருக்கும்போது இப்படிப் போர்வையோட உட்கார்ந்திருக்கேன். லேசா ஒரு தலைவலி. ஒண்ணுமேயில்ல." முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. எழுந்து வந்து எனக்குக் காப்பி ஊற்றப் பார்த்தாள். வழியில் நாற்காலியில் இடித்துக்கொண்டு நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டாள். சிரிப்பு வர வேண்டிய காட்சி. நான் எழுந்து கூஜாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

எட்வினோ எல்லாரும் எடுத்த அதே தட்டில் கேக் எடுத்துத் தின்றார். எல்லாரும் குடித்த கூஜாவிலிருந்து காப்பி குடித்தார். மனைவி குடிக்காமல் வைத்த மிச்சத்தையும் "வீணாப் போகக் கூடாது, செல்லம்" என்று மடக்கென்று விழுங்கினார். விஷம் வைக்கிறவன் இப்படியா செய்வான்? கை பின்னிய ஸ்வெட்டர், சுத்தமான நகம், மெல்லிய குரல். பார்த்தால் மாதா கோயிலில் உண்டியல் பிடிக்கிற மனிதர் போல இருந்தார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்காததற்குக் காரணம் சொல்லச் சொன்னால் அந்த ஸ்வெட்டரைத்தான் காட்டியிருப்பேன்.

"ராத்திரி தூக்கமெல்லாம் எப்படி?" என்று பிளைத் சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"எனக்குக் குறட்டை. அதனால பின்பக்கத்துச் சின்ன ரூமுக்கு என்னை நானே நாடு கடத்திக்கிட்டேன்" என்றார் எட்வின். "மேல பெரிய ரூம் முழுக்க இவளுக்குத்தான். படுத்துக்கிட்டே வேல்ஸ் மலையெல்லாம் பாக்கலாம்."

"சுவர்கூட வெதுவெதுன்னு இருக்கும்" என்றாள் ஐரீன். "இந்தக் கணப்போட புகைபோக்கி அந்தச் சுவருக்குள்ளதான் போகுது. அவ்வளவு நல்ல ரூமுக்கு நான் லாயக்கே இல்ல."

வெளியே காற்று அடங்கிவிட்டிருந்தது. ஒரு வாரமாக இலைகளை விரட்டிக்கொண்டிருந்த காற்று அன்று காலையோடு நின்று, மூடுபனி வயலை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக்கிடந்தது. கூரைக்கு மேலே காகங்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட உட்காரவில்லை.

"சாப்பிட்டுட்டு இவ படுத்துக்குவா" என்று வழியனுப்பும்போது எட்வின் சொன்னார். "எனக்கு ரெண்டு மணிக்கு ஊர்த்திடல்ல வேலை இருக்கு. காங்கர் போட்டிக்கு என்னை நடுவராப் போட்டுட்டாங்க. வெளியூர்க்காரன்தான் நியாயம் சொல்வானாம்."

வாசல் மேஜையில் தடியான நோட்டுப் புத்தகம் ஒன்று கிடந்தது. வாடகைக்கு விடும் வீடுகளில் எல்லாம் கிடக்குமே, அந்த விருந்தாளிகள் நோட்டு. வீட்டுக்காரி மிஸஸ் டோவி, கிளம்புகிறவர்களைப் பேனாவோடு வாசலில் மறித்து நான்கு வரி வாங்காமல் விடமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். நான் பக்கம் புரட்டினேன். பிளைத்தின் தொப்பி தவறிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். நிமிர்ந்தபோது தொப்பி தலையில் இருந்தது, நோட்டு மேஜையில் இல்லை.

வெளிவாசல் தாண்டியதும், "இதுக்குப் பேர் திருட்டு சார்" என்றேன்.

"இரவல். உனக்கு வயிறு எப்படியிருக்கு?"

"பசிக்குது."

"அப்ப சாப்பாட்டுல விஷம் இல்ல" என்று அவர் கவலையோடு சொன்னார். நான் பிழைத்ததில் இவ்வளவு வருத்தப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

'கலப்பை' விடுதியில் என் அறை ஜன்னலிலிருந்து இரண்டும் தெரியும். கீழே ஊர்த்திடல், அதைத் தாண்டி வயலுக்கு அந்தப் பக்கம் சாலிஸ் தம்பதி தங்கியிருந்த வீட்டின் கூரை. இரண்டு மணிக்குத் திடல் நிறைந்துவிட்டது. காங்கர் என்பது கயிற்றில் கோத்த செஸ்ட்நட் காயை ஒருவர் நீட்ட, இன்னொருவர் தன் காயால் ஓங்கி அடித்து உடைக்கிற ஆட்டம். பிள்ளைகள் ஆட வேண்டியது. நெதர் ஆஷில் ஐம்பது வயதுக்காரர்கள் ஆடுகிறார்கள், அழுகிறார்கள். நடுவில் எட்வின் விசிலோடு நின்றார். முந்நூறு கண்களாவது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிளைத் நோட்டை என்னிடம் தூக்கிப் போட்டார். "படி. நீ நையாண்டி பண்ணு, நான் யோசிக்கிறேன்."

"பதினோரு வருஷத்துப் பொய் சார் இது. ஒருத்தர்கூடக் குறை சொல்லல. 'மே மாசம். அழகான வீடு, தினமும் சூரியோதயம் பார்த்தோம்.' 'ஆகஸ்ட். ஆறு மணிக்கெல்லாம் நடைக்குக் கிளம்பிவிட்டோம்.' உடம்பு பூரா உற்சாகம் இவங்களுக்கு. 'அக்டோபர். ஜென்மத்தில் இப்படித் தூங்கியதில்லை. நன்றி.' இன்னொரு அக்டோபர். 'பத்தரை வரை நன்றாகத் தூங்கினோம். தலை கொஞ்சம் கனத்தது. மிஸஸ் டோவியின் சைடருக்கு அவ்வளவு வீரியம், எங்கள் தப்புதான்.' பாத்தீங்களா, தலைவலி வந்தாலும் தன் மேலேயே பழி. நல்ல பிள்ளைங்க."

பிளைத் ஜன்னலை விட்டுத் திரும்பினார். "அதே தலைவலியா? மேல படி."

"'நவம்பர். பின்னறையில் குழந்தைகள் வழக்கம்போல ஆறு மணிக்கே எழுந்து குதித்தன. எங்கள் இருவருக்கும்தான் எழுந்திருக்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது.' அடுத்தது ஒரு நாய் வச்சிருந்த அம்மா. 'எங்கள் பிராம்பிள் எட்டு வருஷமாக எங்கள் கட்டிலில்தான் படுக்கும். இங்கே முதல் ராத்திரியே சமையல்கட்டுக்குப் போய்விட்டது, கூப்பிட்டும் வரவில்லை. அதன் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன்.' நாய்க்காக மன்னிப்பு சார். எந்த நாட்டில பொறந்திருக்கோம் நாம."

"அந்த நோட்டுல உண்மையச் சொன்னது அந்த நாய் ஒண்ணுதான்" என்றார் பிளைத்.

 அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அவர் விரல் விட்டு எண்ணினால் எனக்குப் பயம்.

"மே, ஆகஸ்ட் ஆளுங்க விடியக்காலைல எழுந்திரிக்கிறாங்க. அக்டோபர், நவம்பர் ஆளுங்க எழுந்திரிக்கல. நடுவுல என்ன மாறுது?"

"குளிர் வருது. கணப்பு மூட்டுவாங்க."

"பின்னறைக் குழந்தைங்க ஆறு மணிக்குக் குதிக்குது. பெரிய ரூம்ல பெத்தவங்களுக்குத் தலை தூக்க முடியல."

"பெரிய ரூம் சுவருக்குள்ளதான் புகைபோக்கி போகுது. வெதுவெதுன்னு இருக்குன்னு சொன்னாளே." என் கையில் நோட்டு கனத்தது. "செங்கல்ல எங்கயோ விரிசல். கரி நெருப்போட விஷ வாயு. வாசனை கிடையாது, இருமல் வராது. தூக்கம்தான் வரும்."

"மேல காக்கா கூடு கட்டிப் பாதி அடைச்சிருக்கும். பதினோரு வருஷமா அந்த ரூம்ல படுத்தவங்க அரைச் சாவு செத்து எழுந்திருச்சு, 'நன்றாகத் தூங்கினோம், நன்றி'ன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. வீட்டுக்காரம்மாவும் ஒரு குறையும் இல்லன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க."

"முழுச் சாவு ஏன் யாரும் சாகல?"

"நீ ராத்திரி ஜன்னலை எப்படி வச்சிப்ப?"

"ஒரு சாண் திறந்து வைப்பேன். எல்லாரும் அப்படித்தானே." சொல்லும்போதே புரிந்துவிட்டது. வெளியே உறைபனி பெய்தாலும் தலைமாட்டு ஜன்னலை ஒரு சாண் திறக்காமல் எங்கள் ஜனத்துக்குக் கண் மூடாது. மூக்கு நுனி ஐஸாக இருந்தால்தான் ஆரோக்கியம் என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு சாண்தான் அத்தனை பேரையும் காப்பாற்றியிருக்கிறது.

எனக்கு நிம்மதியில் சிரிப்பு வந்தது. "அப்ப எட்வின் அப்பாவி. கொலையே இல்ல சார். ஒரு காக்கா கூடும் கொஞ்சம் மரியாதையும்தான். பாவம், அவரு ஸ்வெட்டரைப் பாத்து நான் என்னென்னவோ நினைச்சுட்டேன். போய் அவளை வேற ரூமுக்கு மாத்தச் சொல்லிட்டு, அந்த கேக்ல இன்னொரு துண்டு வாங்கிட்டு வரேன்."

"போன வருஷ அக்டோபரைப் படிச்சிட்டியா?"

படிக்கவில்லை. கடைசிக்கு முந்தின பக்கம். சின்னக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் இஸ்திரி போட்ட மாதிரி. வாசித்தேன். இரண்டாம் முறை வாசிக்கும்போது குரல் எனக்கே கேட்கவில்லை.

'தனியாக வந்து ஒரு வாரம் ஓய்வெடுத்தேன். மூன்றாம் நாள் பெரிய அறையிலிருந்து பின்பக்கத்துச் சின்ன அறைக்கு மாறினேன். தூக்கம் குறைந்தது, தெம்பு கூடியது. பயனுள்ள வாரம். எட்வின் சாலிஸ், ஸ்டாஃபர்ட்.'

  பதினோரு வருஷத்தில் அந்த அறையின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது ஒரே ஆள். கண்டுபிடித்தும் வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டு, மறு இலையுதிர்காலத்தில் அதே வீட்டை எடுத்து, அதே அறையில் மனைவியைப் படுக்கவைத்து, தான் சின்ன அறைக்குப் போய்விட்டார். விஷம் வாங்கவில்லை, கத்தி தீட்டவில்லை. வாசலில் பேனாவோடு நின்ற அம்மாவுக்கு மரியாதைக்கு நான்கு வரி எழுதினார். இந்த மாதிரி நோட்டை யாரும் படிப்பதில்லை என்ற தைரியம். அந்தத் தைரியம் சரிதான், நானும் கேலி செய்யத்தானே எடுத்தேன்.

திடலில் விசில் சத்தம் கேட்டது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

"ஹெட்டி" என்று என்னைக் கூப்பிட்டார் பிளைத். அவர் திடலைப் பார்க்கவில்லை. வயலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாம காப்பி குடிக்கும்போது கணப்பு எரிஞ்சுதா?"

"திகுதிகுன்னு."

"மனைவிக்கு உடம்பு சரியில்ல. இந்தக் குளிர்ல கணப்பை அணைச்சிட்டு வந்திருப்பாரா?"

"மாட்டார்."

"அப்ப புகை எங்க?"

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். நெருப்பு இருந்தும் புகையாத வீட்டை அன்றுதான் பார்த்தேன். கூரைக்கு மேலே புகைபோக்கி வெறும் வானத்தில் நின்றது. காற்றில்லாத நாள். கரித்தூளை அள்ளிப் போட்டு நெருப்பை அமுக்கியிருந்தால் புகை மேலே ஏறாமல் உள்ளேயே வழி தேடும். பத்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விஷ வாயுவைக் கொடுத்தவர், ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மத்தியானமாகப் பார்த்து முழுசாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

பின்படி வழியாக இறங்கினோம். பிளைத் வேலியைத் தாண்டி வயலில் ஓடினார். ஐம்பத்தெட்டு வயது, கெட்டுப்போன முழங்கால், ஒரு வார்த்தை முனகவில்லை. நான் திடலுக்குள் புகுந்து ஊர் கான்ஸ்டபிள் டிம்ஸைத் தேடினேன். அவர் கயிற்றை முறுக்கிக்கொண்டு அரையிறுதிக்குத் தயாராக நின்றார்.

"கொஞ்சம் வர முடியுமா?"

"இந்த ஒரே ஒரு அடிம்மா."

"சாலிஸ் வீட்டுல அந்தம்மா செத்துக்கிட்டு இருக்காங்க."

பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. எட்வினுக்கும் கேட்டது. விசில் அவர் உதட்டிலேயே இருந்தது. ஓடவில்லை, பதறவில்லை. முதலில் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிளைத் முன்கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நெதர் ஆஷில் ஒருத்தரும் பகலில் கதவைப் பூட்டுவதில்லை. இந்தக் கதவு பூட்டியிருந்தது. நான் வாசலில் இருந்த செவ்வந்திப் பூத்தொட்டியைத் தூக்கிச் சமையல்கட்டு ஜன்னலில் போட்டேன். உள்ளே கை விட்டுத் தாழ் நீக்கிக்கொண்டு போனோம். கணப்பில் கரித்தூள் குவியலாகக் கிடந்தது, நடுவில் ஒரு சிவப்புக் கண். வீட்டில் எந்த வாசனையும் இல்லை. கேக் வாசனை மட்டும் இருந்தது, அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

மாடியில் ஐரீன் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் கிடந்தாள். கதவை நோக்கி ஒரு கை நீண்டிருந்தது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். தூக்கினேன், அசையவில்லை. சட்டத்தில் ஒரு திருகாணி. ஜன்னல் நூறு வருஷத்துப் பழசு, பெயின்ட் உரிந்து கிடந்தது. திருகாணி மட்டும் புதுசாகப் பளபளத்தது.

"தள்ளு" என்றார் பிளைத். நாற்காலி கண்ணாடியை உடைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனது. குளிர் காற்று முகத்தில் அறைந்தபோதுதான் என் தலையும் சுற்ற ஆரம்பித்திருந்தது தெரிந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளைப் படி வழியாக இறக்கினோம். கனமே இல்லை. புல்லில் கிடத்தி, பிளைத் தன் கோட்டைப் போர்த்தினார். உதடு அசையவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடு, மூச்சு விடு என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். எப்போதும் ஏதாவது கிண்டல் கைவசம் வைத்திருக்கிற எனக்கு அன்று அந்த இரண்டு வார்த்தைதான் இருந்தது. மூச்சு வந்தது. பிறகு வாந்தி வந்தது. அவ்வளவு அழகான வாந்தியை நான் பார்த்ததில்லை.

அதற்குள் ஊர் வந்துவிட்டது. எட்வின் முன்னால் வந்தார், முழங்காலிட்டார், "செல்லம், என் செல்லம்" என்று தேம்பினார். நாடகம் பார்க்கிறோம் என்று தெரிந்தும் ஒரு கணம் எனக்கே நெஞ்சு இளகியது. பின்னாலேயே மிஸஸ் டோவி மூச்சிரைக்க வந்தார். குண்டு உடம்பு, கையில் இன்னும் தேநீர்க் கரண்டி.

பிளைத் ஐந்தே வாக்கியத்தில் புகைபோக்கி விஷயத்தையும் ஜன்னல் திருகாணியையும் சொன்னார். மிஸஸ் டோவி புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொருத்தரையும் கேப்பேனே. எல்லாம் சௌகரியமான்னு வாசல்ல நின்னு கேப்பேனே. எல்லாரும் அருமைன்னுதானே சொன்னாங்க."

"உங்க அலட்சியம் என் மனைவியக் கொன்னிருக்கும்" என்றார் எட்வின், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஜன்னல்ல திருகாணி போட்டதும் நீங்கதானே. வீட்டுக்காரங்கதானே அதெல்லாம் செய்வாங்க."

"நான் போடல. சத்தியமா நான் போடல." அந்த அம்மா சொன்ன விதத்தில் பயம் இருந்தது. பயந்தவர் பேச்சைக் குற்றவாளி பேச்சாக எடுத்துக்கொள்வது சுலபம். கான்ஸ்டபிள் டிம்ஸ் அவரைத்தான் பார்த்தார்.

பிளைத் நோட்டைத் திறந்து, போன வருஷ அக்டோபரை உரக்கப் படித்தார்.  எட்வின் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் அதே மெல்லிய குரல்.

"ஆமா, எழுதினேன். அந்த ரூம்ல எனக்கு மந்தமா இருந்தது, அதான் மாறினேன். காரணம் எனக்கென்ன தெரியும்? நான் என்ன கொத்தனாரா? இந்தத் தடவை சின்ன ரூமை எடுத்துக்கோன்னு இவளைக் கெஞ்சினேன். மலை தெரியுதுன்னு இவதான் பெரிய ரூம் வேணும்னா. ஜன்னலும் திறக்கலன்னு இவ ஒரு வார்த்தை சொன்னதில்ல." அவர் மனைவியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "சொல்லு செல்லம். உன்னால பேச முடியலன்னா தலையாட்டு, போதும்."

பிளைத் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் தோல்வியை அன்றுதான் பார்த்தேன். எங்களிடம் இருந்ததெல்லாம் நான்கு வரி மரியாதையும் ஒரு திருகாணியும்தான். நல்ல வக்கீல் பத்து நிமிஷத்தில் ஊதிவிடுவான். மீதி எல்லாம் அவள் வாயில் இருந்தது. அந்த வாயோ பிறந்ததிலிருந்து யாருக்கும் சங்கடம் தராத வாய். நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்ட வாய். ஊரே சுற்றி நிற்க, புருஷன் கண்ணீரோடு கையைப் பிடித்திருக்க, அவள் தலையாட்டிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. தலையாட்டினால் அவரோடு அதே காரில் வீட்டுக்குப் போவாள். அடுத்த அக்டோபர் வரை இருக்கமாட்டாள்.

ஐரீன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மன்னிக்கணும்" என்றாள்.

எட்வின் புன்னகைத்தார். கான்ஸ்டபிள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தன் பாக்கெட் புத்தகத்தை மூடப் போனார்.

"மன்னிக்கணும், ஆனா இவர் பொய் சொல்றார்." குரல் உடைந்திருந்தது, வார்த்தை உடையவில்லை. "சின்ன ரூம்தான் நான் கேட்டேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை இவர் அதுகிட்ட ஸ்க்ரூடிரைவரோட நின்னார். என்னன்னு கேட்டேன். சட்டம் ஆடுது, சரி பண்றேன்னார். அன்னிக்கு ராத்திரி திறக்க வரலன்னு சொன்னேன். காலைல பாக்கலாம்னார். தினமும் காலைல பாக்கலாம்னார். மறுபடி மறுபடி கேட்டாத் தொந்தரவா நினைப்பாரோன்னு விட்டுட்டேன்."

மூச்சு வாங்கினாள். 

"இன்னிக்கு இவர் கிளம்பும்போது எனக்கு முழிப்பு இருந்தது. எழுந்திருக்க முடியல. எட்வின்னு கூப்பிட்டேன். கதவுக்கு வெளியதான் நின்னார், செருப்பு சத்தம் கேட்டது. 'தூங்கு, ஐரீன்'னார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். செல்லம்னு சொல்லல. அப்பதான் எனக்குத் தெரிஞ்சது."

எட்வின் எழுந்திருக்கப் பார்த்தார். கான்ஸ்டபிள் டிம்ஸ் அவர் தோளில் கை வைத்தார். காங்கர் ஆடிப் பழகிய கை, எட்வின் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் மனைவியின் விரல்களை அவர் இன்னும் விடவில்லை.

மிஸஸ் டோவி அழுதுகொண்டே குனிந்தார். "உங்களுக்கு என்னம்மா வேணும்? எதுன்னாலும் கேளுங்க. தேநீர் கொண்டுவரவா?"

ஒன்றும் வேண்டாம், உங்களுக்கு ஏன் சிரமம் என்று அவள் சொல்வாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.

"வேணும்" என்றாள் ஐரீன். "என் கையை விடச் சொல்லுங்க."